தனி அறைக்குள் வைத்தும் பரவிய கிருமி: 2011ஆம் ஆண்டு பெதஸ்தா ஆய்வு மருத்துவமனை நிகழ்வு

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் பெதஸ்தா என்னும் ஊரில் அந்நாட்டின் தேசிய சுகாதார நிறுவனங்களுக்குச் சொந்தமான ஆய்வு மருத்துவமனை இருக்கிறது. அங்கு 2011ஆம் ஆண்டு ஜூன் தொடங்கி அவ்வாண்டு முடிவதற்குள், எந்த மருந்துக்கும் எளிதில் மசியாத ஒரு பாக்டீரியா 18 நோயாளிகளிடம் காணப்பட்டது. அவர்களில் 11 பேர் இறந்தனர். ஆறு பேரின் மரணத்துக்கு அந்தத் தொற்றே காரணம் என்று மருத்துவமனையே பின்னர் கணித்தது. முதல் நோயாளி வந்து சேரும் முன்பே அவரிடம் அந்தக் கிருமி இருப்பது மருத்துவமனைக்குத் தெரியும். வந்த நாளிலிருந்தே அவர் தனிமைப்படுத்தப்பட்டார். அப்படியிருந்தும் கிருமி எப்படி வெளியேறியது என்பதை அறியத்தான் இந்நிகழ்வை முதலிலிருந்து முடிவு வரை பதிவு செய்கிறேன்.

பின்னணி

இந்நிகழ்வின் மையத்தில் இருப்பது கிளெப்சியெல்லா நியூமோனியே என்னும் பாக்டீரியா. ஆரோக்கியமானவர்களின் குடலில்கூட இது எத்தொந்தரவும் தராமல் வாழும். நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவரின் நுரையீரலையோ இரத்தத்தையோ அடைந்துவிட்டால் உயிரைப் பறிக்கும். மற்ற மருந்துகள் பலனளிக்காதபோது மருத்துவர்கள் இறுதியாக நம்பியிருந்தவை இமிபெனெம், மெரோபெனெம் போன்ற கார்பபெனெம் வகை மருந்துகள். அவற்றைச் சிதைக்கும் கேபிசி என்ற நொதியைச் சுமந்த கிளெப்சியெல்லா, அமெரிக்காவின் வட கரோலினாவில் 1996இல் எடுக்கப்பட்ட ஒரு மாதிரியில் கண்டறியப்பட்டு, 2001இல் ஆய்விதழில் பதிவானது. அடுத்த சில ஆண்டுகளில் நியூயார்க் நகர மருத்துவமனைகளில் அது வேரூன்றியது. அங்கிருந்து இஸ்ரேல், கிரேக்கம் என்று கடல் கடந்தும் சென்றது.

இஸ்ரேலின் அனுபவத்தை இங்கே குறிப்பிட வேண்டும், ஏனெனில் பெதஸ்தாவில் பின்னர் எடுக்கப்பட்ட முடிவுகள் பல அங்கே ஏற்கெனவே சோதித்துப் பார்க்கப்பட்டவை. 2007 மார்ச் முடிவில் அந்நாட்டின் 27 மருத்துவமனைகளில் 1,275 நோயாளிகளிடம் இவ்வகைக் கிருமி காணப்பட்டிருந்தது. அரசு தலையிட்டு, கிருமி உள்ளவர்களை ஓரிடத்தில் சேர்த்து, அவர்களைக் கவனிக்க வேறு நோயாளிகளைத் தொடாத தனிச் செவிலியர்களை அமர்த்தி, ஒவ்வொரு மருத்துவமனையின் நிலவரத்தையும் நாள்தோறும் மையத்துக்குத் தெரிவிக்கும்படி ஆணையிட்டது. அதுவரை ஏறிக்கொண்டே போன புதிய தொற்றுகளின் எண்ணிக்கை ஓராண்டுக்குச் சற்றே கூடுதலான காலத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தது. தனிமைப்படுத்தல் பயன் தரும் என்பதில் அதன்பின் ஐயமில்லை. ஆனால் அதை எவ்வளவு முழுமையாக, எந்தத் தகவலின் அடிப்படையில் செய்வது என்ற கேள்வி தீரவில்லை.

பெதஸ்தா மருத்துவமனையை மற்ற மருத்துவமனைகளோடு ஒப்பிடுவது எளிதன்று. அங்கு அனுமதிக்கப்படும் ஒவ்வொருவரும் ஏதேனும் ஓர் ஆய்வில் பங்கேற்பவர். எலும்பு மஜ்ஜை மாற்றம் செய்துகொண்டவர்கள், இரத்தப் புற்றுநோயாளிகள், பிறவியிலேயே எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள் எனக் கிருமியை எதிர்க்கும் திறன் மிகக் குறைந்தவர்கள் அங்கே திரண்டிருப்பார்கள். கேபிசி சுமந்த கிளெப்சியெல்லா அதுவரை அந்த மருத்துவமனைக்குள் பரவியிருக்கவில்லை.

முதல் நோயாளியின் வருகை

2011 ஜூன் 13 அன்று, நுரையீரல் மாற்று அறுவை செய்துகொண்டு பல சிக்கல்களுக்கு ஆளான ஒரு நடுவயதுப் பெண், நியூயார்க் நகர மருத்துவமனை ஒன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து பெதஸ்தாவுக்கு மாற்றப்பட்டார். அவரிடம் கேபிசி கிளெப்சியெல்லா இருப்பதை அவர் வருமுன்பே கிடைத்த குறிப்புகள் தெளிவாகத் தெரிவித்தன. மருத்துவமனை அலட்சியமாக இருக்கவில்லை. அவர் தனி அறையில் வைக்கப்பட்டார். உள்ளே செல்லும் ஒவ்வொருவரும் மேலங்கியும் கையுறையும் அணிந்தனர். அவருக்கான கருவிகள் வேறு எவருக்கும் பயன்படுத்தப்படவில்லை.

தீவிர சிகிச்சைப் பிரிவில் (ஐசியு) இருந்த மற்ற நோயாளிகளின் தொண்டையிலும் தொடை இடுக்கிலும் மாதிரிகள் எடுத்துப் பார்த்ததில் எவரிடமும் கிருமி தென்படவில்லை. ஜூலை 15 அன்று அந்தப் பெண் விடுவிக்கப்பட்டார். ஓர் அபாயம் வந்து, யாரையும் தொடாமல் சென்றுவிட்டது என்று அப்போது நம்புவதற்கு எல்லா நியாயங்களும் இருந்தன. கையில் இருந்த விவரங்களை வைத்துப் பார்த்தால், அந்த இடத்தில் இருந்த யாரும் அப்படித்தான் நம்பியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

ஆகஸ்ட்: இரண்டாவது நோயாளியும் எழுந்த கேள்வியும்

ஆகஸ்ட் 5 அன்று, முதல் நோயாளி வெளியேறி மூன்று வாரம் கழிந்த நிலையில், வேறொரு நோயாளியின் மூச்சுக்குழாய் மாதிரியில் அதே வகைக் கிருமி வளர்ந்தது. அடுத்தடுத்த வாரங்களில் மூன்றாமவர், நான்காமவர் என்று, ஏறக்குறைய வாரத்துக்கு ஒருவராகப் புதியவர்கள் கண்டறியப்பட்டனர்.

இங்கே மருத்துவமனை இரண்டு சாத்தியங்களை எடைபோட வேண்டியிருந்தது. ஜூலையில் சென்ற பெண்ணிடமிருந்தே கிருமி பரவி, மூன்று வாரம் கண்ணுக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். அல்லது வேறொரு நோயாளி வெளியிலிருந்து அதைப் புதிதாகக் கொண்டுவந்திருக்கலாம். எது உண்மை என்பதைப் பொறுத்து எடுக்க வேண்டிய நடவடிக்கையும் மாறும். உள்ளுக்குள்ளேயே பரவுகிறது என்றால் தடுப்புமுறையில் ஏதோ ஓட்டை இருக்கிறது. வெளியிலிருந்து வருகிறது என்றால் வாசலில் பரிசோதனை தேவை.

வழக்கமான ஆய்வக முறைகளால் இந்தக் கேள்வியைத் தீர்க்க இயலவில்லை. அமெரிக்காவில் அப்போது பரவியிருந்த கேபிசி கிளெப்சியெல்லாக்களில் பெரும்பகுதி எஸ்டி258 என்ற ஒரே வம்சத்தைச் சேர்ந்தவை. ஆகவே இரு நோயாளிகளின் கிருமிகள் பழைய முறையில் ஒன்றுபோலத் தோன்றினாலும், ஒருவரிடமிருந்து மற்றவருக்குச் சென்றது என்பதற்கு அது சான்றாகாது. ஒரே ஊர்க்காரர்கள் என்பதால் இருவரும் அண்ணன் தம்பி ஆகிவிட மாட்டார்கள் அல்லவா.

எடுக்கப்பட்ட முடிவுகள்

விடை கிடைக்கும்வரை காத்திருக்க நேரம் இருக்கவில்லை. நடவடிக்கைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டன.

கிருமி காணப்பட்ட அனைவரும் ஐசியுவின் ஒரு பகுதிக்கு மாற்றப்பட்டு, அப்பகுதி ஒரு சுவரால் பிரிக்கப்பட்டது. சுவருக்கு உள்ளே வேலை செய்யும் செவிலியர்கள் அந்த வேலைநேரத்தில் வெளியே உள்ள நோயாளியைத் தொடக் கூடாது. இஸ்ரேல் கற்றுக்கொடுத்த பாடம் இது. சுவர் மக்கள் நடமாட்டத்தைத்தான் நிறுத்தும். கிருமியை அறை அறையாகக் கொண்டுசெல்பவை பெரும்பாலும் பணியாளர்களின் கைகள். ஒரே செவிலியர் இரு பக்கமும் போய்வந்தால் சுவருக்குப் பொருளில்லை.

கை கழுவுதலைக் கண்காணிப்பதற்கென்றே ஆட்கள் அமர்த்தப்பட்டனர். அறை வாசலில் நின்று, மருத்துவரோ துப்புரவுப் பணியாளரோ யாராயினும் கை கழுவி, மேலங்கியும் கையுறையும் அணிந்து உள்ளே செல்கிறாரா என்று பார்ப்பது அவர்கள் வேலை. மூத்த மருத்துவரைத் தடுத்து நிறுத்தும் துணிவு ஒரு பணியாளருக்கு இயல்பாக வராது. அந்த அதிகாரத்தை நிர்வாகமே எழுதிக் கொடுத்திருந்தால்தான் வரும். என் பார்வையில், இந்நிகழ்வில் எடுக்கப்பட்ட முடிவுகளில் மிகக் குறைந்த செலவில் மிகுந்த பயன் தரக்கூடியது இதுவே.

காலியான அறைகளில் ஹைட்ரஜன் பெராக்சைடு ஆவி நிரப்பிக் கிருமி நீக்கம் செய்யப்பட்டது. இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை போல வழக்கமாகத் திரும்பப் பயன்படுத்தும் பொருள்கள் ஒருமுறைப் பயன்பாட்டோடு கழிக்கப்பட்டன. நோயாளிகளின் அறைகளில் இருந்த கைகழுவும் தொட்டிகளின் வடிகாலிலும், சுத்தம் செய்து வைக்கப்பட்டிருந்த ஒரு வென்டிலேட்டரிலும் அதே கிருமி இருப்பது பின்னர் தெரிந்தது. வடிகால் குழாய்களையே பெயர்த்தெடுக்க வேண்டியதாயிற்று. கையைச் சுத்தமாக்குவதற்காக வைத்த தொட்டியே கிருமியின் கூடாக மாறியிருந்தது என்பதை அங்கே வேலை செய்தவர்கள் எந்த மனநிலையில் ஏற்றுக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

இவை அனைத்தையும்விட நிகழ்வின் போக்கை மாற்றியது வேறொன்று. நோய் அறிகுறி தெரிந்த பிறகு மாதிரி எடுப்பதை விட்டு, அறிகுறியே இல்லாதவர்களிடமும் முறையாக மாதிரி எடுக்கத் தொடங்கினர்; முதலில் ஐசியுவிலும், பிறகு மருத்துவமனை முழுவதிலும். தொண்டை, தொடை இடுக்கு ஆகிய இடங்களோடு ஆசனவாயிலிருந்தும் மாதிரி எடுக்கப்பட்டது. கிளெப்சியெல்லாவின் இயல்பான இருப்பிடம் குடல். அங்கே தேடாமல் வேறெங்கு தேடினாலும் சிலர் தப்பிவிடுவார்கள். அப்படித் தேடியபோதுதான், எந்த நோயும் காட்டாமல் கிருமியைச் சுமந்துகொண்டு சாதாரண வார்டுகளில் படுத்திருந்தவர்கள் வெளிப்பட்டனர்.

சிகிச்சையில் நிலைமை இன்னும் கடினமாக இருந்தது. கொலிஸ்டின், டைகெசைக்ளின், ஜென்டாமைசின் என மிகச் சில மருந்துகளே அந்தக் கிருமியின்மீது வேலை செய்தன. கொலிஸ்டின் சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்பதால் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்து, வேறு வழியின்றி மீண்டும் எடுக்கப்பட்ட பழைய மருந்து. நிகழ்வு நீண்டபோது அதற்கும் எதிர்ப்பு தோன்றியது. இன்று கைவசம் உள்ள செஃப்டாசிடைம்–அவிபாக்டம் கூட்டு மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றது 2015இல்தான். 2011இல் இவர்களுக்கு அது கிடைக்கவில்லை.

மரபணு வாசிப்பு காட்டிய வழித்தடம்

அதே வளாகத்தில் இயங்கும் தேசிய மனித மரபணுத்தொகுதி ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஜூலி செக்ரே, எவன் ஸ்னிட்கின் ஆகியோர் மருத்துவமனையின் தொற்றுத் தடுப்புக் குழுவோடு சேர்ந்து, ஒவ்வொரு நோயாளியின் கிருமியிலிருந்தும் மரபணுத்தொகுதியை முழுமையாக வாசித்தனர். ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட எழுத்துகள் கொண்ட அந்தத் தொகுதியில், நோயாளிக்கு நோயாளி மாறியிருந்தவை விரல்விட்டு எண்ணக்கூடிய சில எழுத்துகளே. ஆனால் அந்தச் சில எழுத்துகள் போதுமானவையாக இருந்தன.

முதல் கேள்விக்கு விடை கிடைத்தது: எல்லாம் ஜூலையில் வெளியேறிய அந்தப் பெண்ணிடமிருந்தே தொடங்கியவை. இரண்டாவது விவரம் யாரும் எதிர்பாராதது. அவர் உடலின் வெவ்வேறு இடங்களில் இருந்த கிருமிகளே ஒன்றுக்கொன்று சிறிது மாறுபட்டிருந்தன. அந்த மாறுபாடுகளைத் தொடர்ந்து போனபோது, அவரிடமிருந்து ஒருமுறை மட்டும் கிருமி தாவவில்லை, தனித்தனியாக மூன்று முறை தாவியிருக்கிறது என்று தெரிந்தது. கவனத்தோடு கட்டிய தடுப்பில் ஒரே ஒரு சறுக்கல் நேர்ந்தது என்று ஆறுதல்படவும் அதன்பின் இடமில்லை.

மூன்றாவது விவரத்தைத்தான் தொற்றுத் தடுப்பில் ஈடுபடும் ஒவ்வொருவரும் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும் என்பேன். நோயாளிகள் கண்டறியப்பட்ட வரிசையும், கிருமி அவர்களை அடைந்த வரிசையும் ஒன்றாக இருக்கவில்லை. இரண்டாவதாகக் கண்டறியப்பட்டவரை முதல் நோயாளியிடமிருந்து நேரடியாகப் பெற்றவர் என்று கொள்வதைவிட, அவருக்குப் பிறகு கண்டறியப்பட்ட ஒருவர் இடையில் அமைதியாகச் சுமந்து வந்தார் என்று கொள்வதே மரபணுச் சான்றுக்குப் பொருந்தியது. மூன்று வாரம் கிருமி எங்கோ மறைந்திருக்கவில்லை. கட்டில்களில் படுத்திருந்த, வேறு நோய்களுக்குச் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்த, தனிமைப்படுத்தப்படாத மனிதர்களிடம் அது இருந்தது. தனிமைப்படுத்தும் ஏற்பாடு அறிந்த நோயாளியைச் சுற்றி மிக இறுக்கமாக நின்றது. அறியாத நோயாளிகளைச் சுற்றி ஒன்றுமே இல்லை.

பின்விளைவு

2011 முடிவதற்குள் பரவல் அடங்கியது. 2012 ஆகஸ்ட் 22 அன்று இந்நிகழ்வு குறித்த ஆய்வுக் கட்டுரை வெளியானது. பொதுமக்களில் பெரும்பாலோருக்கு இப்படியொன்று நடந்ததே அப்போதுதான், முதல் நோயாளி வந்து ஓராண்டுக்கு மேல் கழிந்த பிறகு, தெரியவந்தது. ஏன் முன்பே சொல்லவில்லை என்ற கண்டனம் எழுந்தது.

அதற்கு முந்தைய மாதமே கிருமி மீண்டும் தலைகாட்டியிருந்தது. 2012 ஜூலையில், இத்தனை தடுப்புகளும் நடைமுறையில் இருந்தபோதே, இளம் நோயாளி ஒருவருக்குத் தொற்று ஏற்பட்டது. செப்டம்பரில் அவர் இறந்தார். அவரோடு சேர்த்துப் பாதிக்கப்பட்டோர் எண்ணிக்கை 19, தொற்றால் இறந்தோர் எண்ணிக்கை ஏழு. கட்டுரை வெளியாகி, மரபணு வாசிப்பு முறை வென்றுவிட்டது என்று பாராட்டப்பட்ட நாட்களில் அந்த இளைஞர் படுக்கையில் இருந்தார் என்பதை இந்தப் பதிவில் விட்டுவிடக் கூடாது.

மாற்றப்பட வேண்டியவை

முதல் மாற்றம் தேடும் இடத்தைப் பற்றியது. கிருமி உள்ள ஒருவர் வருகிறார் என்று தெரிந்தால், அவரைத் தனிமைப்படுத்தும் அதே நாளில் அவரைச் சுற்றியுள்ளவர்களிடம் ஆசனவாய் மாதிரி எடுப்பதும் தொடங்க வேண்டும். அவர் விடுவிக்கப்பட்ட பிறகும் சில வாரங்கள் அது தொடர வேண்டும். ஜூலை 15க்கும் ஆகஸ்ட் 5க்கும் இடைப்பட்ட நாட்களில் மருத்துவமனை முழுவதும் அப்படியொரு தேடல் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை உறுதியாகச் சொல்ல முடியாது. ஆயினும் அமைதியாகச் சுமந்தவர்கள் அந்நாட்களில் அங்கே இருந்தார்கள் என்பதை மரபணு வாசிப்பு காட்டிவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2017 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலிலும், கை சுத்தம், தொடர்புவழித் தற்காப்பு (மேலங்கியும் கையுறையும் அணிதல்), தனிமைப்படுத்தல் ஆகியவற்றோடு அறிகுறியற்றவர்களைப் பரிசோதிப்பதும் இடம்பெற்றிருக்கிறது.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இது தொலைதூரச் செய்தி அன்று. கார்பபெனெமை முறிக்கும் இன்னொரு நொதியான என்டிஎம்-1 பற்றி 2010இல் வெளியான ஆய்வில், அந்த நொதியைச் சுமந்த 44 கிருமி மாதிரிகள் சென்னையில் எடுக்கப்பட்டவை. கிருமி இங்கே வெளியிலிருந்து வந்த விருந்தாளியாக இல்லாத நிலையில், வந்தவரை மட்டும் பிரித்து வைக்கும் திட்டம் போதாது. நம் பொது மருத்துவமனைகளில் ஒவ்வொருவருக்கும் தனி அறை என்பது நடவாத காரியம். நோயாளியோடு துணைக்கு இருக்கும் உறவினரும் அதே கட்டிலருகில்தான் உறங்குகிறார். இருக்கும் வார்டிலேயே ஒரு மூலையைப் பிரித்து, அந்த மூலைக்கென்று செவிலியரை ஒதுக்கி, துணைக்கு இருப்பவருக்கும் கை சுத்தத்தைச் சொல்லிக்கொடுப்பது நடக்கக்கூடியது. சுவர் எழுப்பப் பணம் இல்லாவிட்டாலும் செவிலியரைப் பிரித்து ஒதுக்க முடியும். சுவரைவிட அதுவே முக்கியம் என்பதைத்தான் இஸ்ரேலும் பெதஸ்தாவும் காட்டின.

இரண்டாவது, தண்ணீர் செல்லும் இடங்கள். நோயாளியின் உடல் கழிவையோ மிச்சமான மருந்தையோ கைகழுவும் தொட்டியில் கொட்டக் கூடாது. தொட்டிக்கு அருகில் மருந்துத் தட்டையோ சுத்தமான கருவியையோ வைக்கக் கூடாது. கேட்கும்போது எளிமையாகத் தோன்றும் இவ்விதிகள் நெருக்கடியான வேலைநேரத்தில் முதலில் கைவிடப்படுபவை.

மூன்றாவது, வெளிப்படைத்தன்மை. நடக்கும்போதே நோயாளிகளுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் மட்டுமன்றி, அக்கம்பக்கத்து மருத்துவமனைகளுக்கும் உள்ளூர் சுகாதாரத் துறைக்கும் தெரிவிப்பது கடமையாக வேண்டும். நோயாளிகள் மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறிக்கொண்டே இருக்கிறார்கள். முதல் நோயாளியே அப்படி வந்தவர்தான். நியூயார்க் மருத்துவமனை தன் குறிப்பில் உண்மையை எழுதி அனுப்பியதால்தான் பெதஸ்தாவால் முதல் நாளே தயாராக இருக்க முடிந்தது.

இறுதியாக, தனிமைப்படுத்தப்பட்டவர்களைப் பற்றி. டொராண்டோவிலும் பாஸ்டனிலும் இரண்டு பெரிய மருத்துவமனைகளில் நடத்தி 2003இல் வெளியான ஆய்வு, தொற்றுக் காரணமாகத் தனிமைப்படுத்தப்பட்டவர்களுக்கு மற்ற நோயாளிகளைவிட ஏறக்குறைய இரு மடங்கு கேடுகள் நேர்ந்ததைக் காட்டியது. படுக்கைப்புண், கீழே விழுதல் போன்ற, தடுத்திருக்கக்கூடிய கேடுகள் அவை. மேலங்கி அணிந்து உள்ளே செல்வது நேரம் பிடிக்கும் வேலை என்பதால் அறைக்குள் செல்வது குறைகிறது. உரிய நேரத்தில் இரத்த அழுத்தம் பார்ப்பதும் தவறுகிறது. ஆகவே தனிமைப்படுத்தும் ஆணையோடு, அந்த அறைக்குள் ஒரு நாளைக்கு எத்தனை முறை செவிலியரும் மருத்துவரும் சென்றனர் என்பதை எழுதும் தாளும் கதவில் தொங்க வேண்டும். வீட்டாரோடு பேச ஒரு தொலைபேசியும், சாளரம் உள்ள கட்டிலும் அவருக்குக் கிடைக்க வேண்டும். பெதஸ்தாவின் சுவருக்குப் பின்னால் இருந்தவர்கள், நோய் முற்றிய நிலையில், மேலங்கியும் கையுறையும் அணிந்த மனிதர்களைப் பார்த்துக்கொண்டு கிடந்தவர்கள். மற்றவர்களைக் காப்பதற்காக அவர்கள் ஏற்ற அந்தத் தனிமை, 18 என்ற எண்ணிலோ 11 என்ற எண்ணிலோ எங்கும் பதிவாகவில்லை.